ரெயின்கோட்டுக்குக் கூலியில் பிடித்தம்: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பி கட்டுகிறேன். சைட்டில் 60 பேர். ஐப்பசி மழை தொடங்கியதும் ரெயின்கோட்டும் கம்பூட்ஸும் கொடுத்து, அந்த வாரக் கூலியில் 1,100 ரூபாய் பிடித்துவிட்டார் காண்ட்ராக்டர். சம்மதம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். மழையில் சாரம் ஏற மறுத்தால் நாளை வர வேண்டாம் என்கிறார். என்ன செய்வது, ஐயா?

பதில்: அந்த 1,100 ரூபாய் உங்கள் பணம். கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விடாது.

2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 6ஆம் பிரிவுப்படி, பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. ரெயின்கோட் அதில் சேராது என்று காண்ட்ராக்டர் வாதாடலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளில் 46ஆம் விதியைக் காட்டுங்கள். மழையில் வேலை செய்பவருக்கு நீர்புகாத கோட்டும் தொப்பியும், தண்ணீரிலோ ஈரக் கான்கிரீட்டிலோ நிற்பவருக்கு நீர்புகாத பூட்ஸும் தர வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பாதுகாப்பு உடை எது என்பதற்கு அதுவே நல்ல அளவுகோல்.

2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 18ஆம் பிரிவும் உங்கள் பக்கம்தான்: அதில் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் கூலியில் கழிக்க முடியாது. கோட்டைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால்கூட, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே கழிக்கலாம்.

முதலில் அந்தச் சம்மதத் தாளையும் கூலிச் சீட்டையும் போட்டோ எடுங்கள். சீட்டு இல்லையென்றால் பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் போதும். காண்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், கட்டட நிறுவனத்துக்கு ஒரு நகல். பணம் வராவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறையை அணுகுங்கள். மனுச் செய்ய 3 ஆண்டு அவகாசம் உண்டு. பிடித்த தொகையில் 10 மடங்கு வரை இழப்பீடும் கிடைக்கலாம்.

சாரம் பற்றிய புகாரை இந்த மனுவோடு கலக்காதீர்கள். அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போக வேண்டியது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவு உரிமை தருகிறது. பலகை வழுக்குகிறது, பாதுகாப்பு பெல்ட் மாட்ட இடமில்லை என்று குறிப்பாக எழுதி, தேதியும் நேரமும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாய்ச்சொல்லாக மறுத்தால் 'வேலைக்கு வரவில்லை' என்று மாற்றிவிடுவார்கள்.

கடிதத்தில் எந்த மாதிரி உடை வேண்டும் என்பதையும் கேளுங்கள். போர்வை மாதிரித் தொங்கும் ரெயின்கோட் சாரக் கம்பியில் மாட்டி ஆளையே இழுத்துவிடும். சட்டை, பேன்ட் என இரண்டாக வருவதே சரி. பெல்ட்டைக் கோட்டுக்கு மேல் கட்டுங்கள். பேன்ட்டைக் கம்பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விடுங்கள். உள்ளே இறங்கும் சிமென்ட் தண்ணீர், வலி தெரிவதற்குள் தோலைப் புண்ணாக்கிவிடும்.