திங்கள் தெரிந்தது, வியாழன் வரை என்ன செய்தீர்கள்?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு அனுப்பும் வரை பின்தொடர்கிற வேலை. ஓயாத டென்ஷன், தூக்கமில்லை. போன மாதம் டையிங்கில் ஷேடு மாறிவிட்டது, மறுபடி சாயம் போட நாலு நாள் ஆகும் என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை எம்.டி.யிடம் சொன்னபோது எல்லார் முன்னாலும் கத்தினார். அம்மாவும் மனைவியும் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்கிறேன். இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தால் சரியாகுமா?

பதில்: வகுப்பெல்லாம் வேண்டாம் தம்பி. திங்கட்கிழமை தெரிந்த விஷயம் வியாழக்கிழமைதான் எம்.டி. காதுக்குப் போனது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அவர் கத்தியதற்குப் புலம்புகிறீர்கள். நடுவில் செவ்வாய், புதன் என்ன செய்தீர்கள்? டையிங்காரர் எப்படியாவது முன்னாலேயே கொடுத்துவிடுவார் என்று சாமி கும்பிட்டிருப்பீர்கள், ஆர்டர் கொடுத்த பையருக்கு "எல்லாம் பிளான்படி போகிறது" என்று மெயில் போட்டிருப்பீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. எழுதுகிற எல்லாருக்கும் மேலே இருப்பவரின் வாய்தான் குறை.

திங்கட்கிழமை சாயந்திரமே சொல்லியிருந்தால் வேறு ஆர்டர் துணியைக் கட்டிங்குக்கு முன்னால் தள்ளியிருக்கலாம், பையரிடம் தேதி கேட்டிருக்கலாம், பாதிச் சரக்கை முதலில் அனுப்பச் சம்மதம் வாங்கியிருக்கலாம். வியாழனுக்கு மேல் என்ன மிச்சம்? தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு, விமானத்தில் அனுப்பும் செலவைக் கம்பெனி தலையில் கட்டுவது. இல்லையென்றால் தையல் லைனை நள்ளிரவு வரை ஓட்டுவது. டெய்லர், அவருக்கு உதவுகிற கைமடி, செக்கிங் பெண்கள் எல்லாரும் ரெண்டு ஷிப்ட் நிற்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் அம்மா எப்போ வரும் என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. ஒரு திட்டுக்குப் பயந்து நீங்கள் வாயை மூடியதற்கு அவர்கள் ஏன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும்? எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

எல்லார் முன்னாலும் கத்தியது தப்புதான். "திட்டணும்னா ரூமுக்குக் கூப்பிட்டுத் திட்டுங்க சார்" என்று அவரிடமே தனியாகச் சொல்லுங்கள். ஆனால் சேதியை நேரத்துக்குச் சொல்கிற ஆள் சொன்னால்தான் அது எடுபடும்.

இனி கெட்ட சேதி வந்தால் அன்றைக்கே, மெயில் அடிக்கும் முன்னால் நேரில் போய், என்ன ஆச்சு, எத்தனை நாள் இழுக்கும், அதற்கு நீங்கள் யோசித்திருக்கும் வழி என்ன என்று சொல்லிவிடுங்கள். காரணமெல்லாம் அவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். டையிங்காரர் "பார்த்துக்கலாம்" என்று இழுத்தால் மட்டும் விடாதீர்கள், தேதியை வாட்ஸாப்பில் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 'ஒன்றுமில்லை'. வீட்டில் மறைத்துப் பழகியவர்தான் ஆபீஸிலும் மறைக்கிறார், எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. சம்பளத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் போதும், மனசில் இருப்பதை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என்ன குடும்பம்? இன்று ராத்திரி சாப்பிடும்போது, போன மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது எதற்கு என்று இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். எம்.டி.யிடம் இன்னும் சொல்லாத சேதி இப்போதும் ஒன்று உங்களிடம் இருக்கும். நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.