விம்பிள்டன் கேள்வி பதில்: புல்தரை, ஆட்டம், பந்தய விலை

விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நெருங்கும்போது என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஆட்டத்தைப் பற்றி, மீதி பந்தயத்தைப் பற்றி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். பல வருடம் சின்னத் தொகைகளில் பந்தயம் கட்டி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்தவன் நான். அந்த நோட்டு கற்றுக்கொடுத்ததுதான் கீழே இருப்பதில் பெரும்பகுதி.

கேள்வி: அண்ணா, ஆட்டத்துக்கு முன்னால் 1.25, 4.00 என்று போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

1.25 என்றால், 100 பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டிய பணத்தோடு சேர்த்து 125 கைக்கு வரும். பிரிட்டனில் பழைய முறையில் இதையே 1/4 என்பார்கள், 4.00 என்பது 3/1. முக்கியமான விஷயம் இனிமேல்தான். 1-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.25-க்கு 80 சதவீதம், 4.00-க்கு 25 சதவீதம். கூட்டினால் 105 வருகிறது. இருவரில் ஒருவர்தானே ஜெயிக்க முடியும், 100-தானே வர வேண்டும்? அந்தக் கூடுதல் ஐந்தில்தான் பந்தய நிறுவனத்தின் லாபம் ஒளிந்திருக்கிறது.

“யார் ஜெயிப்பார்” என்பதை மட்டும் சரியாகச் சொன்னால் போதாது என்பதற்கு இதுவே காரணம். 1.25 விலையில் கட்டுபவர் ஐந்துக்கு நான்கு முறை சரியாகச் சொன்னாலும், கடைசியில் அவர் கையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கேள்வி: அப்படியானால் ஐந்து பெரிய வீரர்களைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டினால்? ஐந்தும் 1.25 என்றால் மூன்று மடங்கு வருகிறதே.

வரும், 3.05 மடங்கு. ஆனால் அந்த ஐந்து சதவீதமும் ஐந்து முறை பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த மேல்தொகையைக் கழித்துவிட்டால், 1.25 என்று போடப்பட்ட வீரர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 76 சதவீதம். ஐவரும் ஜெயிக்க 26 சதவீதம்கூட இல்லை. கணக்குப் போட்டால், கட்டும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 20-க்கு மேல் போய்விடும். தனி ஆட்டத்தில் இதே கணக்கு 5 பவுண்டுக்குள் முடிந்துவிடும். என் நோட்டில் அதிகப் பணம் போன பக்கங்கள் இந்தக் கூட்டுப் பந்தயங்கள்தான். நான்கு பேர் ஜெயித்து ஐந்தாமவர் தோற்கும்போது “நூலிழையில் போச்சே” என்று தோன்றும். அது நூலிழை இல்லை, அந்தப் பந்தயம் வழக்கமாக முடியும் விதமே அதுதான்.

கேள்வி: பட்டம் வெல்பவரை முன்கூட்டியே சொல்வது ஏன் இவ்வளவு கடினம், சார்? முதலிடத்தில் இருப்பவர் எல்லோரையும் சுலபமாகத்தானே ஜெயிக்கிறார்?

128 பேர், ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயிக்க 90 சதவீத வாய்ப்புள்ள வீரர் என்றே வைத்துக்கொள்வோம். ஏழையும் ஜெயிக்க அவருக்கு இருக்கும் வாய்ப்பு 48 சதவீதம்தான். அதாவது, ஒவ்வொரு ஆட்டத்திலும் அவ்வளவு பலசாலியாக இருப்பவரே பட்டம் வெல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

2001-இல் இவானிசெவிச் உலகத் தரவரிசையில் 125-ஆம் இடத்தில் இருந்தார், வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) நுழைந்து கோப்பையோடு போனார். 2023-இல் வான்ட்ரூசோவா, சீடு பட்டியலிலேயே (முன்னணி வீரர்கள் என்று போட்டியில் வரிசைப்படுத்தப்படும் 32 பேர்) இல்லாமல் பெண்கள் பட்டம் வென்ற முதல் ஆள்.

கேள்வி: பிரெஞ்சு ஓபனில் நன்றாக ஆடியவர்களை விம்பிள்டனிலும் நம்பலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனில் தரை களிமண். அதில் பந்து மெதுவாக வந்து உயரமாக எழும்பும். புல்லில் வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். முட்டியை மடக்கி, அடியைச் சுருக்கி ஆட வேண்டும். இரண்டு போட்டிகளுக்கும் நடுவே மூன்றே வாரம். 2025-இல் கோகோ காஃப் பிரெஞ்சு ஓபனை வென்றார், விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே யாஸ்ட்ரெம்ஸ்காவிடம் தோற்றார். அதே போட்டியில், களிமண் ராணி என்று பெயரெடுத்த ஸ்வியாடெக் இறுதி ஆட்டத்தை 6-0, 6-0 என்று முடித்தார். அவருக்குப் புல் சரிப்படாது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த விம்பிள்டனுக்கு முந்தைய வாரமே பாட் ஹோம்பர்க் புல்தரைப் போட்டியில் அவர் இறுதிவரை போயிருந்தார். அதைப் பார்த்தும் நான் எடைபோடத் தவறிவிட்டேன். ஆகவே பாரிஸை விட, விம்பிள்டனுக்கு முந்தைய புல்தரை வாரங்களைக் கவனியுங்கள்.

புல்லில் சர்வ்தான், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடிதான் ராஜா. அதன் கணக்கு அழகானது. சர்வ் போடுபவர் 60 சதவீதப் புள்ளிகளை எடுத்தால், தான் சர்வ் போடும் கேம்களில் 74 சதவீதத்தைக் காப்பாற்றுவார். 65 என்றால் 83. 70 என்றால் 90. ஐந்து சதவீத வித்தியாசம் ஒரு வீரரை அசைக்கவே முடியாதவராக மாற்றிவிடுகிறது! அப்படி இருவர் மோதினால் பிரேக்கே (எதிராளி சர்வ் போடும் கேமை ஜெயிப்பது) வராது, சமமாகி நிற்கும் செட்டை முடித்துவைக்கும் டைபிரேக்கரில் இரண்டு மூன்று புள்ளிகள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். 2019 இறுதி ஆட்டத்தில் பெடரர் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. மூன்று டைபிரேக்கரையும் அவர்தான் எடுத்தார். அந்த ஆட்டத்தை இன்னும் என்னால் அமைதியாக உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று, தரை நாளுக்கு நாள் மாறும். முதல் இரண்டு மூன்று நாள் புல் பசுமையாக, வழுக்கலாக இருக்கும். முக்கிய மைதானமான சென்டர் கோர்ட்டில் கூரையை மூடினால் ஈரப்பதம் கூடி இன்னும் வழுக்கும். 2021-இல் செரீனா வில்லியம்ஸ் முதல் சுற்றிலேயே வழுக்கி, காயத்தோடு வெளியேறினார். இரண்டாம் வாரத்தில் பின்கோட்டருகே புல் தேய்ந்து மண் தெரியும், கால் நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: வீரர் காயத்தால் பாதியில் விலகினால் பந்தயப் பணம் என்னவாகும்? எனக்கு ஒருமுறை திருப்பித் தரவே இல்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. சிலர் ஒரு பந்து போட்டாலே பந்தயம் செல்லும் என்பார்கள். சிலர் ஒரு செட் முடிய வேண்டும் என்பார்கள். சிலர் முழு ஆட்டமும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். 2025 நான்காம் சுற்றை நினைத்துப் பாருங்கள். டிமிட்ரோவ் இரண்டு செட் முன்னிலை, மூன்றாவதில் 2-2. மார்புத் தசையில் காயம், விலகினார். எதிரே ஆடிய சின்னர் அடுத்த சுற்றுக்குப் போய், கடைசியில் கோப்பையையே வென்றார். “ஒரு செட் முடிந்தால் போதும்” என்ற விதியில் டிமிட்ரோவ் மேல் கட்டியவர்கள் பணத்தை இழந்தார்கள். “முழு ஆட்டம்” விதியில் திரும்பப் பெற்றார்கள். கட்டுவதற்கு முன் அந்த ஒரு பத்தியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆட்டம் நடக்கும்போதே கட்டுவது லாபமா?

இல்லை. உங்கள் திரையில் தெரியும் பந்து ஏற்கெனவே முடிந்துபோன பந்து. நடுவர் பதிவு செய்யும் புள்ளி, படம் உங்களிடம் வருவதற்கு முன்பே விலையை மாற்றிவிடும். நீங்கள் பார்த்துப் பதறும் நொடியில் எதிரே இருப்பவருக்கு விடை தெரிந்திருக்கும்.

கேள்வி: ஆட்டங்களைப் பணத்துக்காகத் தோற்கிறார்கள் என்கிறார்களே?

இதுவரை தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் பரிசுப் பணம் குறைந்த சின்னப் போட்டிகளில் ஆடியவர்கள். டென்னிஸுக்கென்று தனியாக நேர்மைக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. வீரர்களும் பயிற்சியாளர்களும் எந்த டென்னிஸ் ஆட்டத்தின் மேலும் பந்தயம் கட்டக் கூடாது. ஒரு வீரர் மோசமாகத் தோற்றார் என்பதை மட்டும் வைத்து அவர் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, முதல் வாரத்தில் விட்டதை இரண்டாம் வாரத்தில் எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். கால் இறுதியில் யார் மேல் கட்டலாம்?

தம்பி, இதற்கு மட்டும் நான் பெயர் சொல்ல மாட்டேன். விட்டதைப் பிடிக்கக் கட்டுபவர் ஆட்டத்தைப் பார்த்துத் தொகையை முடிவு செய்வதில்லை, நஷ்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். எனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, நான் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தின் ஒரு அடிகூட நினைவில் இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

இன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டில் ஒருவரிடம் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். பிரிட்டனில் இருப்பவர் என்றால் கேம்ஸ்டாப் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் அங்கே உரிமம் பெற்ற எல்லா இணையப் பந்தயத் தளங்களும் உங்களை ஆறு மாதமோ, ஒரு வருடமோ, ஐந்து வருடமோ உள்ளே விடாது. வேறு நாடு என்றால் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், பல இடங்களில் இது குற்றம். இதற்குப் பிறகும் பேச வேண்டுமென்றால் தனியாக எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.

கேள்வி: எனக்குப் பந்தயமே வேண்டாம். முதல்முறை பார்க்கப் போகிறேன், எங்கே ஆரம்பிப்பது?

போட்டி தொடங்கும் முன் வெள்ளிக்கிழமை அட்டவணை வந்துவிடும். அதில் ஏதாவது ஒரு பகுதியை, பதினாறு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் கால் இறுதிக்குப் போகும்வரை அந்தப் பகுதியை விடாமல் தொடருங்கள். சீடு பெற்ற 32 பேரில் யாரும் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்க மாட்டார்கள். அதனால் முதல் இரண்டு சுற்றில் பெயர் தெரியாத ஆட்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும். பார்க்கும்போது முதல் சர்வை விட, அது தவறினால் போடும் இரண்டாவது சர்வைக் கவனியுங்கள். நெருக்கடியில் வீரரின் நிலைமை அதில் தெரிந்துவிடும்.

சென்டர் கோர்ட்டில் ஆட்டம் லண்டன் நேரம் மதியம் 1.30-க்குத்தான் தொடங்கும். வெளிக் கோர்ட்டுகளில் காலை 11 மணிக்கே தொடங்கிவிடும். முதல் நாள் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.