கட்டுமானத் தொழிலாளர்களுக்கு விஆர் கருவி (தலையில் மாட்டினால் நிஜம் போன்ற காட்சியைக் காட்டுவது) மூலம் பாதுகாப்புப் பயிற்சி தருவதால் உண்மையில் பலன் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாக வகுப்போடு விஆர் பயிற்சியும் நடத்தி வருகிறேன்.

ஒரு கொத்தனார், 20 ஆண்டு அனுபவம் உள்ளவர். திறந்த விளிம்பில் தடுப்பு வேண்டும், பெல்ட் மாட்ட வேண்டும் என்று வகுப்பில் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். பிறகு ஹெட்செட்டை மாட்டி, எட்டாவது மாடிச் சாரத்தில் சுவர் பூசும் வேலையைக் கொடுத்தேன். பூசி முடித்தவர், மட்டமாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தார். அங்கே தடுப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். கால் வெறும் காற்றில் பட்டதும் முழங்கால் மடங்கியது, அங்கே இல்லாத கம்பியைத் தேடிக் கை துழாவியது. முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். கருவியைக் கழற்றிய பின் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தினமும் இப்படித்தான் சார் பின்னால் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

விதி அவருக்குத் தெரியும். தன் கால் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அதை உயிருக்கு ஆபத்தில்லாமல் காட்ட எனக்கு வேறு வழி கிடைத்ததில்லை. கட்டுமான வேலையில் அதிக உயிர்களைக் குடிப்பது உயரத்திலிருந்து விழுவதுதான் என்பதால், இந்த ஒரு பயனுக்காகவே கருவியை வாங்கலாம் என்பேன்.

இன்னொன்று, பெல்ட் பற்றிய தவறான நம்பிக்கை. தோள் உயரத்தில் கொக்கியை மாட்டியிருந்தாலும், 6 அடிக் கயிறு, அதிர்வு தாங்கி (விழும் வேகத்தைக் குறைக்க விரியும் பட்டை) நீளும் மூன்றரை அடி, ஆளின் உயரம், கொஞ்சம் இடைவெளி என்று கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே ஏறக்குறைய 18 அடி காலியாக இருக்க வேண்டும். தரையிலிருந்து 12 அடி உயரத்தில் கொக்கியை மாட்டி அதே கயிற்றோடு நிற்பவர் விழுந்தால், பெல்ட் போட்டும் தரையில் மோதுவார். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டால் கொட்டாவி விடுவார்கள். விஆரில் தரை முகத்துக்கு நேராக வரும்போது ஒருவரும் மறப்பதில்லை. (மோதும் முன்பே காட்சி இருண்டுவிடும்படி அமையுங்கள். அதற்கு மேல் காட்டுவது பயிற்சி ஆகாது, வதை.)

ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபேல் சாக்ஸும் சக ஆய்வாளர்களும் 66 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், கல் பதிக்கும் வேலைக்கும் தளத்திலேயே கான்கிரீட் போடும் வேலைக்கும் விஆர் பயிற்சி தெளிவாக மேலாக இருந்தது; பொதுவான தளப் பாதுகாப்பில் அந்த மேன்மை தெரியவில்லை. அதனால் "ஹெல்மெட் போடு, ஷூ போடு" என்று சொல்ல இந்தக் கருவி தேவையில்லை.

கைவேலையையும் இதில் கற்பிக்க முடியாது. பெல்ட்டின் வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, தொடைப்பட்டை இறுக்கமா என்பதை விரல்தான் அறிய வேண்டும். விஆரில் பொத்தானை அழுத்தினால் பெல்ட் மாட்டிக்கொள்ளும். அதைப் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதுவது பொய்.

நடத்தும்போது சில விஷயங்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண் நகர்வதாகச் சொல்லி உடல் நின்றுகொண்டிருந்தால் குமட்டும். முதல் சில நிமிடங்களைக் கருவி பழகவே விடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், எனவே எழுத்துக்குப் பதில் அவர்கள் பேசும் மொழியில் குரல் வேண்டும். முடிந்ததும் மற்றவர்கள் முன் கேலிக்கு ஆளாகாமல், அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பாதிப் பயிற்சி அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. தடுப்புக் கம்பிக்குச் செலவழிக்காமல் ஹெட்செட்டுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தக் கொத்தனார் மறுநாள் காலை நிஜமான சாரத்தில் ஏறி, கொக்கியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து, "இதை எங்கே சார் மாட்டுவது?" என்று கேட்டார். மாட்ட அங்கே இடமே இல்லை. வேலையை நிறுத்தச் சொன்னேன். மதியம் கொக்கியை மாட்ட உயிர்க்கயிறு கட்டிய பிறகுதான் அவர் கரண்டியைத் தொட்டார்.