அம்புக்குறியை யார் படிப்பிப்பது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: தரம் 8க்குப் புவியியல் படிப்பிக்கிறேன். வகுப்புச் சுவர் முழுக்க என் கையால் கீறிய படங்கள்தான், டிமைத் தாளுக்கும் கலர்ப் பேனைக்கும் போன காசுக்குக் கணக்கில்லை. பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள், ஆனால் தவணைப் பரீட்சையில் அதே படத்தைப் போட்டு இரண்டு கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். எங்கே பிழை விடுகிறேன்?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: படம் தானே விளங்கப்படுத்திவிடும் என்று யாரோ எங்களை நம்ப வைத்துவிட்டார்கள், ரீச்சர். நானும் நம்பினேன். ஒருமுறை எங்கள் கிணற்று நீரைப் பற்றிக் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கீறினேன்: மேலே மழை, சுண்ணாம்புக்கல், கிணறு, கீழே உப்புநீர், அதன்மேல் வில்லை போல மிதக்கும் நன்னீர், நாலைந்து அம்புக்குறி. வடிவாக வந்துவிட்டது என்று எனக்கே பெருமை. பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "சேர், அப்ப எங்கட வீட்டுக்குக் கீழ குளமா இருக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது.

அவனில் ஒரு பிழையும் இல்லை. நான் நீலம் தீட்டியிருந்தேன், அவன் குளம் என்று வாசித்தான். குறுக்குவெட்டு என்றால் நிலத்தைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதையோ, தண்ணீர் கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கிறது என்பதையோ யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு றாத்தல் பாண் வாங்கிப் போய், வகுப்பின் முன்னால் வெட்டி, வெட்டுமுகத்தைக் காட்டினேன். ஒரு துண்டைத் தண்ணீர்த் தட்டில் நிமிர்த்திப் பிடித்தால் நீர் மெல்ல ஏறித் துளைகளுக்குள் நிற்கும். பார்த்துக்கொண்டிருந்தவன், "கல்லுத்தான் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கு" என்றான். (மிச்சப் பாண் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.)

அப்புறம் அந்த அம்புக்குறி. மழைக்குப் பக்கத்தில் இருந்த அம்பு நீர் போகும் திசை, 'நன்னீர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது வெறும் பெயர் காட்டும் கோடு. விஞ்ஞானப் புத்தகத்தில் அது விசை, வரலாற்றுப் படத்தில் படை போன வழி, வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தில் 'இது அதுவாக மாறும்'. எல்லாம் ஒரே கோடு, ஒரே கூர். எந்தப் பாடத்தில் யார் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம்? ஆகவே விளக்கத்தைத் தொடங்க முன் ஐந்து நிமிடம் நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். என்ன தெரிகிறது, எதை வைத்து அப்படிச் சொல்கிறாய், இந்த அம்பு என்ன சொல்லுது என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. நீர்ச்சக்கரப் படங்களில் வழக்கமாக மலையிலிருந்து ஆறு இறங்கிக் கடலுக்குப் போகும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான், கீரிமலையில்கூட மலை பெயரில் மட்டும்தான். அந்தப் படத்தை ஊர்க் கிணறு வைத்துத் திருப்பிக் கீறச் சொல்லுங்கள். சுவரில் இரண்டு படத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றுங்கள், மூன்று மாதம் ஒரே இடத்தில் தொங்குவதை ஒருவரும் பார்ப்பதில்லை.

கேள்வி: வாசித்தால் 10 வீதம், கேட்டால் 20, பார்த்தால் 30 வீதம் ஞாபகம் நிற்கும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். யார் கண்டுபிடித்தது?
– கோப்பாய் வாசகர்

பதில்: ஒருவரும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல், கற்கும் அனுபவங்களைக் கூம்பு வடிவில் அடுக்கி 1946இல் போட்ட 'அனுபவக் கூம்பு' என்ற படத்துடன் சேர்த்துத்தான் இதைக் காட்டுவார்கள், ஆனால் அவருடைய கூம்பில் ஒரு வீதமும் கிடையாது, பின்னால் வந்தவர்கள் ஒட்டிவிட்டது. உறுதியாகச் சொல்லக்கூடியது இதைவிடச் சிறியது: சொல்லும் படமும் மனதில் இரண்டு வழியாகப் பதிவதால் இரண்டும் சேர்ந்தால் நினைவு கூடும் என்று உளவியலாளர் அலன் பைவியோ 1971இல் எழுதினார். அதற்காகத் திரையில் உள்ள பந்தியை அப்படியே உரத்து வாசிக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொல்லைத் துரத்தும், படம் அநாதையாக நிற்கும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பரிசோதனைகள் காட்டியதும் இதைத்தான்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இல்லை, கரும்பலகை மட்டும்தான்.
– பருத்தித்துறை ஆசிரியர்

பதில்: கவலைப்படாதீர்கள். செக் கல்வியாளர் கோமேனியஸ் சிறுவர்களுக்குப் படப் பாடப்புத்தகம் போட்டது 1658இல், அப்போது மின்சாரமே இல்லை. கரும்பலகையில் நீங்கள் பேசப் பேசப் படம் வளரும், எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று பிள்ளை பார்த்துக்கொண்டே வரும். முழுப் படத்தையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து போடும் திரையில் அது கிடைக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிவப்பு வெண்கட்டி பின்வாங்குக்குத் தெரியாது. மஞ்சளால் கீறுங்கள், கீறிவிட்டு ஒருக்கால் கடைசி வாங்கில் போய் இருந்து பாருங்கள்.