வாரிய வீட்டை நோட்டரி பத்திரத்தில் வாங்கியவர் வழக்குப் போடலாமா?

வட சென்னை வாசகி ஒருவரின் கடிதம்: “குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீட்டை அப்பா 2004-ல் 1.40 லட்சம் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்தோடு வாங்கினார். மீதித் தவணை முழுவதும் நாங்கள்தான் கட்டினோம். கட்டடம் பழுதாகி இடித்தபோது 24,000 ரூபாய் கருணைத் தொகை என் பெயரில்தான் வந்தது. இப்போது புதுக் கட்டடம் எழும்புகிறது. அப்பா சாவுக்குக்கூட வராத பழைய ஒதுக்கீட்டுதாரரின் மகன், வீடு தனக்குத்தான் என்கிறார். வழக்குப் போடலாமா?”

அவர் சாவுக்கு வந்தாரா, இத்தனை வருடம் எட்டிப் பார்த்தாரா என்பதெல்லாம் நியாயமான ஆதங்கம்தான். வழக்குக்கு உதவாது. கேள்வி ஒன்றுதான்: ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் அனுப்பிய ரசீதுகள் அத்தனையும் பழையவர் பெயரில். வாரியம் அவருக்குக் கிரயப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியானால் 2004-ல் வீட்டுக்குச் சொந்தக்காரர் வாரியம். தனக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படி விற்க முடியும்? சொந்தமாகவே இருந்திருந்தாலும், பதிவு செய்யாத ஒப்பந்தமும் பவர் பத்திரமும் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நிலையில் இருப்பவர்கள் கோபத்தில் சிவில் வழக்குப் போடுகிறார்கள். “வாரிய வீட்டை என் தந்தை இன்ன தேதியில் இன்ன தொகைக்கு வாங்கினார்” என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டி வருகிறது. எதிர்த்தரப்புக்கு அதைவிட வாரியத்துக்குத்தான் அந்த வரி பயன்படும். ஒதுக்கீடு பெற்றவர் நிபந்தனையை மீறி விற்றார், வாங்கியவர் அனுமதியில்லாமல் குடியிருந்தார் என்று இரண்டு பேரையும் ஒரே பதிலில் தள்ளிவிடலாம். ஒதுக்கீடு ரத்தானால் அந்த மகனுக்கும் வீடில்லை, உங்களுக்கும் இல்லை. ரத்தாகாவிட்டாலும், புதுக் கட்டடம் முடிந்து மற்றவர்கள் சாவி வாங்கும்போது உங்கள் வீடு மட்டும் வாய்தாவில் நிற்கும். அதுவரை வெளி வாடகை உங்கள் கையிலிருந்துதான்.

இன்னொரு பள்ளம், “பெயர் மாற்றித் தருகிறேன்” என்று வரும் புரோக்கர். பழையவரின் மகள் என்று உங்களைக் காட்டி வாரிசுச் சான்று தயார் செய்வதாகச் சொல்வார். அது போலி ஆவணக் குற்றம். மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள்.

உங்கள் பக்கம் பலமே இல்லையா? இருக்கிறது. கருணைத் தொகை உங்கள் பெயரில் வந்தது என்றால், காலி செய்த நேரத்தில் குடியிருந்தவர் நீங்கள் என்று வாரியமே பதிந்திருக்கிறது. அது உரிமை ஆகாது, ஆனால் பேச்சுவார்த்தைக்கு நல்ல பிடி. அப்புறம், இத்தகைய மறுகட்டுமானங்கள் பலவற்றில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் 1.50 லட்சம் மானியம் சேர்ந்திருக்கிறது. பயனாளி குடும்பத்துக்கு, அதாவது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகளுக்கு, நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உங்கள் கட்டடமும் அந்த நிதியில்தான் எழுகிறது, அந்த மகனுக்கு வேறு வீடும் இருக்கிறது என்றால் அவர் நிலை ஆட்டம் காணும். ஆனால் உங்கள் கணவர் பெயரில் ஊரில் ஒரு வீடு இருந்தாலும் இதே கதைதான். அதை முதலில் என்னிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆகவே சமரசம் பேசுங்கள். இது என் திடமான ஆலோசனை. மகன் ஒருவரோடு மட்டும் பேசி முடிக்காதீர்கள். பழையவரின் மனைவி, மகள்கள் என எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். புது வீட்டுக்கு இன்னொரு விற்பனை ஒப்பந்தம் எழுதுவது பழைய தவறையே திரும்பச் செய்வது. உங்கள் பெயரில் ஒதுக்க ஆட்சேபணை இல்லை என்று வாரிசுகள் வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் எழுதித் தரட்டும். முடிவெடுப்பது வாரியம் என்பதால், ஆணை உங்கள் பெயரில் வந்த பிறகே பணம், அதுவும் வங்கி வழியாக. அவர்கள் ஒப்பவில்லையா? கொடுத்த தொகையையும் கட்டிய தவணையையும் நியாயமான வட்டியோடு வாங்கிக்கொண்டு விலகுவதும் தோல்வி அல்ல.

அதற்கு முன், பயனாளிகள் பட்டியலில் அந்த வீட்டுக்கு யார் பெயர் ஏறியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை, பயனாளி பங்குத் தொகை கேட்டு ஓலை வந்தாலும் பழையவர் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.