மரபுப் பானங்களும் உணவுச் சுற்றுலாவும்: மகளின் படிப்பு குறித்துக் கேட்ட பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

கிராமங்களில் மரபுப் பானங்களைத் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளர்களுடன் இணைந்து உணவுச் சுற்றுலாத் துறையில் பணியாற்ற உங்கள் மகள் விரும்புவதாகவும், அது நிலையான பிழைப்பாக அமையுமா என்ற கவலை உங்களுக்கு இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருடைய விருப்பம் நல்ல விருப்பம்தான். ஆயினும், சுற்றுலா மேலாண்மைப் பட்டத்தை மட்டும் நம்பி இத்துறைக்குள் அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் உணவுத் தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ படிக்கட்டும். சுற்றுலாவைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜார்ஜியா நாட்டில் குவெவ்ரி எனப்படும் பெரிய மண்தாழிகளை நிலத்தில் புதைத்துத் திராட்சை மது தயாரிக்கும் முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து சாறு நொதிக்கும்போது தோலும் சக்கையும் மேலே திரண்டு நிற்கும். அவற்றை நாளுக்குப் பலமுறை உள்ளே அமிழ்த்திவிட வேண்டும், தவறினால் பானம் கெடக்கூடும். பயணிகள் பார்க்க விரும்புவதும் அதே வாரங்களைத்தான். தாழியைக் கவனிப்பவரே விருந்தினருக்கு விளக்கமும் சொல்லி, சமைத்துப் பரிமாறி, முன்பதிவுக்கும் பதில் அனுப்ப வேண்டிய நிலையில் ஒரு சிறு குடும்பம் திணறிப்போகிறது. வருகைகளைத் தயாரிப்பின் போக்குக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தித் தருபவருக்கே அங்கே உண்மையான தேவை இருக்கிறது. நொதித்தலை அறியாதவரால் அது இயலாது.

மூலப்பொருள் விளையும் வேகத்தையும் உங்கள் மகள் புரிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோவில் காய்ச்சி வடிக்கப்படும் மெஸ்கால் என்ற மதுவுக்குப் பயன்படும் ஆனைக்கற்றாழை (அகேவ்) வகைகள் முதிர்வதற்குப் பல ஆண்டுகளாகும் என்பதால், சுவைக்க வரும் கூட்டம் பெருகியதும் உற்பத்தியையும் பெருக்கிவிட முடியாது. மெஸ்கால் என்ற பெயருக்கு 1994 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு; ஆனால் சான்றிதழுக்கான செலவைத் தாங்க இயலாத சிறு தயாரிப்பாளர்கள் அப்பெயரைப் போடாமலே விற்கிறார்கள். உரிமம், சான்றிதழ், சுகாதார விதிகள், சுவைப்புக் கட்டணம் ஆகியவற்றில் தேர்ந்த ஒருவர் இத்தகையோருக்குப் பெரிய துணையாவார்.

வருமானத்தைப் பொறுத்தவரை, சுற்றுலா பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். உணவுத் தொழில்நுட்பம் கற்றவருக்கோ பழச்சாறு, பால், வினிகர் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும் வேலை கிடைக்கும். மதுவை எண்ணித் தயங்குவீர்களானால், தேநீர் போன்ற மது சாராத பானங்களைத் தயாரிப்போரும் இவ்வாறே பயணிகளை வரவேற்கிறார்கள்.

முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரு தயாரிப்புப் பருவம் முழுவதும் ஒரு சிறு உற்பத்தியாளரிடம் உடனிருந்து வேலை செய்யச் சொல்லுங்கள். அந்த உற்பத்தியாளர் இசைந்தால் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்து, நேரடி விற்பனையில் எவ்வளவு, சுவைப்புக் கட்டணத்தில் எவ்வளவு வந்தது என்று தனித்தனியே எழுதி வரட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் மூவரும் அடுத்த முடிவைப் பேசலாம்.