போட்டிக்கு எந்தப் படம்? – கடிதம்

வணக்கம் சார்,

மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கேமரா பிடிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். மச்சினன் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய டிஎஸ்எல்ஆர், கூடவே வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. என்னைப் போல் பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறோம். மாதம் ஒரு தலைப்பில் நட்புப் போட்டி நடக்கும். ஆளுக்கு ஒரு படம். பரிசு கிடையாது. நடுவர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுவார். ஜெயித்தவர் அடுத்த மாதம் நடுவர்.

எனக்கு இதுவரை எந்த இடமும் கிடைத்ததில்லை. அதுகூடப் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் பட்டனை அழுத்தும்போதே "இது நடுவருக்குப் பிடிக்குமா" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. முன்பிருந்த சந்தோஷம் குறைந்த மாதிரி இருக்கிறது. போன மாதத் தலைப்பு 'கதவு'. வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் எடுத்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டாவதைத்தான் அனுப்பினேன். "எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் படம் கண்ணைப் பிடித்து நிறுத்தவில்லை" என்று நடுவர் எழுதியிருந்தார். எனக்குப் புரியவில்லை. எடிட்டிங் செய்யலாமா கூடாதா என்று குழுவில் வேறு ஓயாத சண்டை. பேசாமல் போட்டியை விட்டுவிட்டு எனக்காக மட்டும் எடுக்கலாமா? அல்லது நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ஆறு படங்கள். ராத்திரி பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் படம் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. வீடு முழுவதும் வந்திருக்கிறது, கூடவே இரண்டு பைக்கும் மின்கம்பி மொத்தமும். அது இடத்தைப் பார்த்துக்கொள்ள எடுத்த படம், விட்டுவிடலாம். மூன்றாவது, இரண்டாவதின் நகல். நான்காவது பித்தளை வளையம் மட்டும். ஆறாவதில், பின்னணியை மங்கலாக்கும் போனின் போர்ட்ரெய்ட் வசதியைப் போட்டிருக்கிறீர்கள். நிலையின் ஓரம் ஒன்று கூர்மையாகவும் அதன் தொடர்ச்சி மங்கலாகவும் போய்விட்டது. மென்பொருளுக்கு எது முன்னால், எது பின்னால் என்று குழம்பினால் இப்படித்தான் ஆகும். கட்டடங்களுக்கு அது வேண்டாம்.

போட்டிக்குப் போன இரண்டாவது படத்துக்கு வருகிறேன். கதவு நேருக்கு நேர், சட்டத்தின் நடுவில், கோடுகள் எல்லாம் செங்குத்தாக. பூவேலைப்பாடு ஒவ்வொரு இதழாகத் தெரிகிறது. சுற்றியுள்ள சுண்ணாம்புச் சுவர் மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கிறது. வெள்ளை அதிகமாக இருக்கும் இடத்தில் கேமரா தானாக அளந்தால் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். படத்தின் வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, +1 வரை ஏற்றிக்கொண்டால் போதும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமே இல்லாத படம். நடுவர் சொன்னதும் அதைத்தான். பார்க்கிறவர் கண் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துவிடுகிறது, தங்குவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

ஐந்தாவது படத்தில் அந்த இடம் இருக்கிறது. ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து வளையல் போட்ட ஒரு வயதான கை வெளியே நீண்டு, திண்ணையில் இருக்கும் பால் பாக்கெட்டை எடுக்கிறது. முகம் தெரியவில்லை. வாசற்படியில் மஞ்சள் பூசி வைத்த குங்குமம், பாதி அழிந்த கோலம், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் சின்னப் பிள்ளையின் செருப்பு. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று என்னால் கிட்டத்தட்டச் சொல்லிவிட முடிகிறது. நான் இந்தப் படத்தில்தான் நெடுநேரம் இருந்தேன்.

இதை ஏன் அனுப்பவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் காரணம் தெரிகிறது. கை மங்கலாக இருக்கிறது. கேமரா படத்தோடு பதிந்து வைத்த விவரத்தைப் பார்த்தேன், ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 400, ஷட்டர் திறந்திருந்தது 1/15 நொடி. சாயங்காலச் சந்து வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 1600 வைத்திருந்தால் 1/60 கிடைத்திருக்கும், கையும் ஓரளவு நின்றிருக்கும். அடுத்த முறைக்கு அது உதவும். ஆனால் இந்தப் படத்துக்கு அந்த மங்கல் கெடுதல் செய்யவே இல்லை. கதவின் ஆணித் தலைகளை எண்ண முடிகிறது, செருப்பின் வார் தெரிகிறது, அசைந்தது கை மட்டும்தான். கேமரா ஆடியிருந்தால் எல்லாமே மங்கியிருக்கும். அப்போது நானே ஒதுக்கச் சொல்லியிருப்பேன்.

ஆக, குறை சொல்ல முடியாத படத்தை அனுப்பினீர்கள், மனசுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டீர்கள். உங்கள் சந்தோஷம் குறைந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். போட்டி உங்களுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்தது. அது இல்லையென்றால் ஒரு சாயங்காலம் அந்தச் சந்தில் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்களா? எடுக்கும்போதும் நன்றாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். அந்தக் கை வெளியே வந்த நேரத்தில் பட்டனை அழுத்தியது உங்கள் விரல்தானே. வீட்டுக்கு வந்து, ஆறில் ஒன்றைப் பொறுக்க உட்காரும்போதுதான் நடுவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு வேலையை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு படம் என்ற உங்கள் குழுவின் விதி எனக்கு ரொம்பப் பிடித்ததே அதனால்தான். பத்து அனுப்பலாம் என்றால் யாரும் தேர்ந்தெடுக்கவே மாட்டார்கள். ஒன்றுதான் என்னும்போது ஐந்தைத் தள்ளியாக வேண்டும், ஏன் தள்ளுகிறோம் என்று யோசித்தாக வேண்டும். பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவருக்கு வேறு யாரும் இந்தப் பயிற்சியைக் கொடுப்பதில்லை. பத்திரிகைக்காரருக்கு ஆசிரியர் இருக்கிறார், கல்யாண ஆல்பத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள். நமக்கு நாமேதான்.

மங்கல் என்றதும் எனக்குப் பழைய காலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் ஞாபகம் வருகிறார். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் ஆரம்பித்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கோழிக்கொட்டகையைக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோவாக்கினார். கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டிய காலம் அது. எதிரில் உட்காருகிறவர் சில நேரம் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்து கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பத் தொடங்கிவிட்டார். சங்கத்துக்காரர்களின் பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன. ஃபோக்கஸ் இல்லை, தட்டில் கறை, சுத்தமில்லை என்று. அவர் அசையவில்லை. ஃபோக்கஸ் செய்துகொண்டு வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவேன், மற்றவர்களைப் போல் மேலும் திருகிக் கூர்மையாக்க மாட்டேன் என்று பிற்பாடு எழுதி வைத்தார். அதே நேரம் பெர்லின் கண்காட்சியில் அவருக்குப் பதக்கம் கிடைத்தது. 1865-ல் லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது. கடைசிக் காலத்தில் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்து, களுத்துறையில் கிராமத்து மக்களைப் படம் எடுத்தார். 1879-ல் இலங்கையிலேயே இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

திட்டியவர்கள் மத்தியில்தான் அவர் படம் வைத்துக்கொண்டே இருந்தார், விலகிப் போகவில்லை. நடுவர் சொல்வதைக் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் நடுவர் சொன்னது சரி, அவர் பார்த்த படத்துக்கு. ஐந்தாவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. 'கை மங்கல்' என்றுகூட எழுதியிருக்கலாம். எழுதட்டும், அப்புறமும் அது உங்கள் நல்ல படம்தான்.

எடிட்டிங் சண்டை. நீங்கள் மதுரைக்காரர் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. 1858-ல் மதுரைக்கு வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. விடுமுறையில் இங்கிலாந்து போனபோது ஆசைக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைச் சொந்த ஆர்வத்தில் எடுத்து, அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சிக்கு அனுப்பி, முதல் வகுப்புப் பதக்கம் வாங்கினார். அரசாங்கம் அவரைப் புகைப்படக்காரராக வேலைக்கு வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். நாம் இன்று நட்புப் போட்டி என்று செய்வதற்கு நம் ஊரில் அவ்வளவு பழைய வழி இருக்கிறது.

அந்தக் காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்கு அதிகமாகவும் மற்ற நிறங்களுக்குக் குறைவாகவும் வேலை செய்யும். கோபுரம் சரியாக விழும் அளவுக்குத் திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவில் தூரிகை வைத்து மேகம் வரைந்தார். சில இடங்களில் மர இலைகளைக்கூடத் திருத்தினார். கருவியின் குறையைக் கண் பார்த்ததற்குப் பக்கத்தில் கொண்டுவருவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். வெளிச்சம், மாறுபாடு, வெட்டுவது, சாய்வை நிமிர்த்துவது எல்லாம் செய்யலாம். ஐந்தாவது படத்தில் வலது ஓரம் கேபிள் பெட்டி இருக்கிறதே, அதைத் தாராளமாக வெட்டுங்கள். ஆனால் அந்தக் கையை வேறொரு படத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டியிருந்தால் இவ்வளவு நேரம் நான் பேசியதெல்லாம் வீண். இப்போது செயற்கை நுண்ணறிவு எந்திரத்திடம் கேட்டால் கையையும் கொடுக்கிறது, வளையலையும் கொடுக்கிறது. அதற்கு உங்கள் குழுவில் இடமே கொடுக்காதீர்கள். 'அந்த மாதத்திலேயே எடுத்த படமாக இருக்க வேண்டும்' என்று ஒரு விதியும் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கைத் துழாவுவதில் பொழுது போகும், தெருவில் இறங்குவது நடக்காது.

அப்புறம் ஒன்று. போட்டிக்கு வந்த மற்ற கதவுகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே! யாராவது ரயில் பெட்டியின் கதவை அனுப்பியிருப்பார்கள், ஒருவர் மாட்டுக்கொட்டகைப் படலை, இன்னொருவர் பாதி இறக்கிய ரேஷன் கடை ஷட்டரை. ஒரே சொல்லைக் கொடுத்தால் இத்தனை பேர் இத்தனை இடத்துக்குப் போயிருக்கிறார்களே என்ற ஆச்சரியம்தான் இந்த மாதாந்திரப் போட்டிகளில் எனக்கு முதல் இன்பம். முடிவு வந்ததும் நம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினால் அது கிடைக்காது. ஜெயிக்காத படங்களில் மூன்றை எடுத்துக்கொண்டு 'அருமை', 'சூப்பர்' என்ற இரண்டு சொல்லையும் தொடாமல், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 'ஷட்டருக்குக் கீழே தெரியும் நாலு ஜோடிக் கால்' என்று எழுதினாலே எடுத்தவர் பூரித்துப் போவார். இப்படி எழுதிப் பழகியவர்களுக்குத் தன் ஆறில் ஒன்றைப் பொறுக்குவது கஷ்டமாக இருக்காது.

எனக்காக மட்டும் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எடுங்கள், ஆனால் குழுவை விடாதீர்கள் என்றுதான் என் மனசு சொல்கிறது. காட்ட ஆள் இல்லாத படங்கள் மெமரி கார்டிலேயே கிடந்துவிடுகின்றன. கார்டு நிறைந்ததும் கேமரா பீரோவுக்குப் போய்விடும், அப்படிப் போன கேமராக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த வீட்டுக்குப் போய் ஐந்தாவது படத்தைக் காட்டி, குழுவில் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகம் தெரியாவிட்டாலும் அது அவர்கள் வாசல். போகும்போது ஒரு மேக்ஸி சைஸ் பிரிண்டும் போட்டு எடுத்துப் போங்கள்.

இனி லென்ஸ். உங்கள் ஆறில் கேமராவில் எடுத்தது ஐந்து. அதில் நாலு, லென்ஸை அகலமாகக் காட்டும் 18 மி.மீ.-லேயே வைத்து எடுத்தவை, ஐந்தாவது படம் மட்டும் 35-ல். நிறைய வெளிச்சம் வாங்கும், பெரிய துளை உள்ள லென்ஸ் என்றால் எல்லோரும் 50 மி.மீ. வாங்கச் சொல்வார்கள். உங்கள் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் அது 75, 80 மாதிரி நெருக்கிக் காட்டும். மாசி வீதிச் சந்துகளில் எதிர்ச் சுவரில் முதுகு முட்ட நின்றாலும் ஒரு கதவு முழுதாக வராது. உங்களுக்கு 35 மி.மீ., எஃப் 1.8 துளை உள்ளது பொருந்தும். ஆனால் உடனே வாங்காதீர்கள். இருக்கும் லென்ஸை 35-ல் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, ஒரு மாதம் சுற்றுங்கள். கை கட்டிய மாதிரி இருந்தால் பணம் மிச்சம். பிடித்துப்போனால் வாங்குங்கள், பழையதே போதும். வாங்கும் முன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே ஃபங்கஸ் இழை ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.